மடித்த வரி

பணகுடிக்குக் கிழக்கே பதினேழாம் காற்றாலையில்
இறக்கை ஒன்று விரிந்திருக்கிறது.
கிரேன் வர வேண்டும், மூன்று பேர் வர வேண்டும்,
காற்று மட்டும் வரக் கூடாது.
இவர்களை எல்லாம் ஒரே மணிக்குக் கூப்பிட
வண்ணார்பேட்டை மாடியறையில்
நிரல் எழுதுகிறவள் நான்.

முதல் அழைப்பு வெறும் இணைப்பாகப் போனது.
வருகிறேன், வரவில்லை,
அமுக்க ஒரு பொத்தானும் இல்லை.
"பந்தியில உக்காரச் சொல்லாம
எலைய மட்டும் கையில குடுத்திருக்கிய"
என்றார் பொன்னுத்துரை சார்.
இது வேண்டுகோள் என்று
கோப்புக்குள் சொன்னால் போதாதாம்,
மடலின் தலையிலும் சொல்ல வேண்டுமாம்.
சொன்னேன். பொத்தான் வந்தது.

அடுத்ததில்
பத்தரை என்று எழுதி
கடைசியில் ஓர் இஸட் ஒட்டிவிட்டேன்.
ஒற்றை எழுத்து.
பத்தரையைத் தூக்கிக்கொண்டு போய்
லண்டன் கோட்டில் நிறுத்திவிட்டது.
போனில் கேட்டுக்கொண்ட வினிஸ்டன்
காலையிலேயே வந்து
உடைமரத்தின் ஓட்டை நிழலில் உட்கார்ந்திருந்தான்.
நாட்காட்டியை நம்பிய மதார் அண்ணன்
சாயங்காலம் நாலு மணிக்குக் கிரேனோடு வந்தார்.
ஆடியில் அந்நேரம் அங்கே
தலைத்துண்டுகூட நிற்காது.
"ஒங்க பத்தரை எந்த ஊருப் பத்தரைம்மா?"

ரத்து அனுப்பினேன்.
ரத்துக்குப் புது அடையாள எண் கொடுத்தேன்.
பழையதன் பெயரைச் சொல்லாமல்
பழையதைக் கலைக்க முடியாது என்று
அன்றைக்குத் தெரியாது.
எல்லார் போனிலும்
அந்தச் செவ்வாய்க்கிழமை
நடக்காத கூட்டம் ஒன்று
இப்போதும் கூடியிருக்கிறது.

அடையாளம் மாறக் கூடாது.
முறை எண்தான் ஏற வேண்டும்.
ஒன்று, காற்று.
இரண்டு, காற்று.
மூன்று, நாங்குநேரி தாண்டி கிரேனுக்கு டயர்.
நாலும் காற்று.
ஐந்தில் வினிஸ்டன் தங்கைக்கு நிச்சயதார்த்தம்,
அன்றைக்குப் பார்த்து ஓர் இலை அசையவில்லை.
ஆறு சொல்ல வேண்டாம்.
கோபத்தில் ஒரு நாள்
என் இன்னொரு முகவரியைக் கொடுத்து
காற்றையும் விருந்தினர் பட்டியலில் சேர்த்தேன்.
மதார்: ஏற்றார்.
வினிஸ்டன்: ஏற்றார்.
காற்று: பதில் இல்லை.

இன்னொரு விதி.
எழுபத்தைந்து பைட்டைத் தாண்டும் வரியை மடி,
அடுத்த வரியை
ஓர் இடைவெளி விட்டுத் தொடங்கு.
தமிழில் எழுத்துக்கு மூன்று பைட்.
காலுக்கு மூன்று, கொம்புக்கு மூன்று,
மெய்யின் தலையில் வைக்கும் புள்ளிக்கும் மூன்று.
நம் பேச்சு சீக்கிரம் மடிந்துவிடும்.
போகிறதை மடிக்க எழுதியிருந்தேன்.
வருகிறதை விரிக்க எழுதவில்லை,
யார் பதிலில் அவ்வளவு பேசப் போகிறார்கள் என்று.

ஏழாம் முறை.
காலை ஆறு இருபது.
எண்பது மீட்டர் உயரத்திலிருந்து
வினிஸ்டன் ஏற்றுக்கொண்டான்.
குறிப்பும் போட்டிருந்தான்:

மேலே ஏறியாச்சு காத்து நி

அவ்வளவுதான் இருந்தது திரையில்.
நின்னுட்டா?
நிக்கலையா?
ஜன்னலுக்கு வெளியே மின்கம்பியில் மாட்டிய
பாலித்தீன் பை தொங்கிக்கொண்டிருந்தது.
வண்ணார்பேட்டைக் காற்று
பணகுடிக்குச் சாட்சி சொல்லுமா?
பொன்னுத்துரை சார் போன் அடிக்கிறார்.
எடுக்கவில்லை.
மடலின் மூலத்தைத் திறந்து
கீழே, கீழே போனேன்.
என் நிரல் படிக்காமல் விட்ட வரி
ஓர் இடைவெளி தள்ளி அங்கே இருந்தது:

 க்கல யக்கா எறங்குதோம்

முறை எண்ணை எட்டு ஆக்கினேன்.
வியாழன், காலை ஆறு மணி,
இஸட் இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன்.
பட்டியலில் இருந்து
காற்றை எடுக்கலாமா என்று யோசித்து
எடுக்காமலே
அனுப்பினேன்.